நான்கு ரிவர்ஸ் கியருக்கு ஒரு நற்சான்று

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தெட்டாம் ஆண்டில் லவுத்தோக்கா நகரத்தை விட்டுப் போவது ஒழுங்கும் முறையும் உள்ள காரியமாக இருந்தது. அதற்கு முந்தைய வருஷம் ஃபிஜியில் ராணுவம் இரண்டு தடவை ஆட்சியைக் கவிழ்த்திருந்தது. அதற்குப் பிறகு அங்கிருந்த இந்தியர்களில் யாரும் யாரையும் "சௌக்கியமா?" என்று கேட்பதில்லை. "உங்களுக்கு எந்த நாடு?" என்றுதான் கேட்டார்கள். கனடா என்றால் எழுந்து நின்று கை கொடுப்பார்கள். ஆஸ்திரேலியா என்றால் நாற்காலி போடுவார்கள். நியூசிலாந்து என்றால், "பரவாயில்லை, அதுவும் வெளிநாடுதானே" என்று தேற்றுவார்கள். எங்கேயும் போகவில்லை என்று சொல்கிறவருக்கு வீட்டில் ஏதோ சீக்கு என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

போகிறவர் மூன்று சான்றிதழ்கள் வாங்க வேண்டும். ஒன்று, வரி பாக்கி இல்லை. இரண்டு, போலீஸ் வழக்கு இல்லை. மூன்று, அவர் பெயரில் உள்ள வாகனம் ஓடுகிற நிலையில் இருக்கிறது. இந்த மூன்றாவது புதிதாக வந்தது. நிறையப் பேர் நந்தி விமான நிலையம் வரை காரில் வந்து, சாவியை அதிலேயே விட்டுவிட்டு விமானம் ஏறிவிட்டார்கள். பாதிக் கார்கள் நகரவில்லை. வழியனுப்ப வந்தவர்களுக்கு வண்டி நிறுத்த இடமில்லை. அரசாங்கம் இதை ஆழ்ந்து பரிசீலித்தது. ஆட்கள் போவதைத் தடுப்பதற்கில்லை, ஓடாத கார்கள் மிஞ்சுவதையாவது தடுக்கலாம் என்ற முடிவுக்கு வந்தது.

நகரத்தை ஒட்டிய நடபுவாவில் ஏழாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த சதேந்திரா மாஸ்டருக்குக் கனடா கிடைத்திருந்தது. முதல் இரண்டு சான்றிதழ்களும் வந்துவிட்டன. அடுத்த சனிக்கிழமைக்குள் கனடாவில் காலை வைக்காவிட்டால் விசா செத்துவிடும். அதற்கு எட்டு நாள் பாக்கி. அவருடைய வெள்ளை டட்சன் காரை வாங்கிக்கொள்ளப் பக்கத்து வீட்டுச் சாதிக் பாய் ஒப்புக்கொண்டிருந்தார். சந்தையில் மரவள்ளிக்கிழங்கும் கீரையும் விற்கிற சாதிக் பாய், எங்கேயும் போகப்போவதில்லை என்று பகிரங்கமாகச் சொல்லிக்கொண்டு திரிந்த அபூர்வ மனிதர். அவருடைய மகள் ஷெரீன் மாஸ்டரின் வகுப்பில்தான் படித்தாள்.

காரில் ஒரே ஒரு குறை. பின் அச்சிலிருந்து கன்று ஈனப்போகிற மாடு மாதிரி ஒரு முனகல் வந்தது. மாஸ்டர் காரை கராஜில் விட்டார்.

அந்த கராஜை இருபது வருஷம் நடத்திய மெக்கானிக் மார்ச் மாதம் சிட்னிக்குப் போய்விட்டார். அவருடைய மைத்துனர் ஜிதேந்திரா இடைக்கால மெக்கானிக்காகப் பொறுப்பேற்றிருந்தார். அதுவரை அவர் தையல்காரர். நாட்டிலேயே எல்லாம் இடைக்காலமாக நடந்துகொண்டிருந்ததால் இதை யாரும் தவறாக நினைக்கவில்லை.

ஜிதேந்திரா உழைப்பாளி. பின் அச்சின் நடுவே குடம் மாதிரி ஒரு பெட்டி இருக்கும். எஞ்சினின் சுழற்சியைச் சக்கரத்துக்குத் திருப்பிவிடுகிற பற்சக்கரங்கள் அதற்குள் இருக்கின்றன. டிஃப் என்பார்கள். ஜிதேந்திரா அதைக் கழற்றி, தேய்ந்த பேரிங்கை மாற்றி, துடைத்து, எண்ணெய் விட்டு, மறுபடி மாட்டினார். திங்கட்கிழமை மாஸ்டரும் அவர் மனைவி ஆஷாவும் காரை எடுக்கப் போனார்கள். மாஸ்டர் முதல் கியரைப் போட்டு கிளட்சை விட்டார். கார் கம்பீரமாகப் பின்னால் போய், கராஜின் தகர வேலியில் சாய்ந்தது.

ரிவர்ஸ் போட்டுப் பார்த்தார். கார் முன்னால் வந்தது. இரண்டாவது, மூன்றாவது, நாலாவது எல்லாம் பின்னால்.

இந்தக் கதையில் வருகிற பேச்செல்லாம் ஃபிஜி ஹிந்தியில் நடந்தது. இந்த இடத்தில் மாஸ்டர் ஜிதேந்திராவிடம் சொன்ன நாலு வார்த்தை மட்டும் சுத்தத் தமிழ். அவருடைய அப்பா கோபம் வந்தால் பேசியது அப்படியே நாக்கில் தங்கியிருந்தது. அதை எழுதுவதற்கில்லை.

"மாஸ்டர், கோபப்படாம சொல்லுங்க. சத்தம் போச்சா இல்லையா?" என்றார் ஜிதேந்திரா.

"சத்தம் போச்சுப்பா. காரும் பின்னால போகுதே! டிஃப்பைத் தலைகீழா மாட்டியிருக்க!"

ஜிதேந்திரா காருக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு வந்தார். "எப்படி வெச்சாலும் எல்லா ஓட்டையும் சரியா உக்காருது மாஸ்டர். துணின்னா, பூ தலைகீழா இருந்தா தெரிஞ்சிடும். இரும்புல பூவே இல்லையே."

"கழற்றி நேரா மாட்டு."

"மாட்டலாம். ஆனா திறந்தா, எண்ணெய் ஒழுகாம இருக்கப் புது சீல் போடணும். சுவாவிலிருந்து வரணும். அங்க அனுப்பற ஆளு போன வாரம்தான் பிரிஸ்பேன் போனாரு. ரெண்டு வாரம் ஆகும்."

ஆஷா காலண்டரைத் தலையிலேயே வைத்திருந்தவள். "ரெண்டு வாரத்துல நம்ம கனடா செத்துப்போயிடும். இப்படியே சோதனைக்குக் கொண்டுபோங்க. சான்றிதழ்ல ஓடற நிலைன்னுதானே கேக்கறாங்க? ஓடுதே" என்றாள்.

அப்படித்தான் அந்தப் பயணம் ஆரம்பித்தது. ரிவர்ஸ் கியரில் முன்னால் ஓட்டினால் எஞ்சின் அலறியது. சைக்கிள்கள் முந்திக்கொண்டு போயின. அதனால் மாஸ்டர் நடபுவாவிலிருந்து லவுத்தோக்காவுக்குப் பின்பக்கமாகவே போனார். ஆஷா பின் சீட்டில் முட்டிபோட்டுக் கண்ணாடி வழியாகப் பார்த்து, "கொஞ்சம் இடது, கொஞ்சம் இடது, கரும்பு ரயில் வருது, நில்லுங்க" என்று வழி சொன்னாள். மூன்றாவது கியர் வரை அவள் அனுமதித்தாள்.

நகர எல்லையில் ராணுவச் சாவடி. கார்ப்ரல் ஒருவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"பூலா" என்று ஃபிஜி வணக்கம் சொன்னார். "எங்க போறீங்க?"

"லவுத்தோக்காவுக்கு சார்."

கார்ப்ரல் காரைச் சுற்றி வந்தார். "கார் நந்தியைப் பார்த்து நிக்குது."

"பின்னால போகுது சார். டிஃப் ரிப்பேர்."

கார்ப்ரலின் மேஜையில் ஒரு பதிவேடு இருந்தது. நகருக்குள் வருகிறவை ஒரு பக்கம், வெளியே போகிறவை ஒரு பக்கம். வாகனம் எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறதோ அந்தத் திசைக்குப் போவதாக எழுதவும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு. அவர் யோசித்து, வெளியே போகிற பக்கத்தில் நம்பரை எழுதிக்கொண்டு, உள்ளே போக விட்டார்.

"உங்களுக்கு எந்த நாடு?" என்று மட்டும் கேட்டார்.

"கனடா."

"என் மச்சான் லெபனான் போயிருக்கான், ஐ.நா. படையோட. எல்லாரும்தான் போறீங்க" என்று கம்பத்தைத் தூக்கினார்.

வாகனச் சோதனை அலுவலகத்தில் இடைக்கால ஆய்வாளர் ராஜேந்திரா இருந்தார். அதற்கு முன் மீன்வளத் துறையில் இறால் எண்ணிக்கை எழுதியவர். பானெட்டைத் தூக்கிச் செவுள் பார்ப்பது போல் உள்ளே பார்த்துவிட்டு, படிவத்தை எடுத்தார்.

"வாகனம் முன்னோக்கிச் செல்லுமா?"

"செல்லும் சார். ஒரு கியர்ல."

"ஆம்" என்று எழுதினார். "பின்னோக்கிச் செல்லுமா? குறைந்தபட்சம் ஒரு கியர் தேவை."

"நாலு இருக்கு சார்."

ராஜேந்திரா நிமிர்ந்தார். விதிப் புத்தகத்தைப் புரட்டினார். "நாலு இருக்கக் கூடாதுன்னு எங்கயும் சொல்லல. தாராளமா இருக்கு."

மாஸ்டருக்கு நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. ஆஷா அவர் கையைக் கிள்ளினாள்.

"ஆனா ஒரு விஷயம்" என்றார் ராஜேந்திரா. "ஒரு கியர்ல போற பக்கத்தை முன்பக்கம்னும், நாலு கியர்ல போற பக்கத்தைப் பின்பக்கம்னும் எப்படிச் சொல்றீங்க? நியாயமா, அதிகமாப் போற பக்கம்தான் முன்பக்கம். அப்ப டிக்கிதான் முன்பக்கம். முன்பக்கம் வெள்ளை விளக்கு இருக்கணும். உங்களுக்குச் சிவப்பு இருக்கு. பெரிய குத்தம்."

"சார், டிக்கி எப்படி சார் முன்பக்கமாகும்?"

"நீங்க எப்படி வந்தீங்க?"

ராஜேந்திரா காரைச் சுற்றி வந்து ஓட்டுநர் இருக்கையைப் பார்த்ததும் முகம் இன்னும் கறுத்தது. "இந்தப் பக்கத்தை முன்பக்கம்னு வெச்சா, ஸ்டியரிங் இடது பக்கம் வருது. இடது ஸ்டியரிங்குக்கு அமைச்சகத்தோட தனி அனுமதி வேணும். சரி, அதை நான் பார்க்கலைன்னு வெச்சுக்கறேன். நீங்க வாத்தியார். விளக்கை மட்டும் மாத்திட்டு வாங்க."

திரும்பி வரும்போது அதே கார்ப்ரல் காரை நகருக்குள் வருகிற பக்கத்தில் எழுதினார். போனது ஒன்று, வந்தது ஒன்று. கணக்கு நேரானதில் அவருக்குத் திருப்தி.

ஜிதேந்திரா விஷயத்தைக் கேட்டு உற்சாகமானார். விளக்குக்கு சீல் தேவையில்லை. இரண்டே நாளில் வெள்ளை விளக்குகளை டிக்கியிலும் சிவப்பு விளக்குகளை முகத்திலும் பொருத்தினார். வயர்களை அழகாகத் தைத்து மறைத்திருந்தார். தன் பிழைக்குப் பரிகாரமாக சீட்டுகளுக்கெல்லாம் பூப்போட்ட உறையும் தைத்துப் போட்டிருந்தார். ஒரு பூகூடத் தலைகீழாக இல்லை.

வியாழக்கிழமை மறுபடியும் ராஜேந்திரா முன் நின்றார்கள். விமானம் வெள்ளிக்கிழமை.

"பிரமாதம்" என்றார் அவர். "இப்ப இது பழுதான கார் இல்ல, சிறப்பு வடிவமைப்பு. சிறப்பு வடிவமைப்புக்கு உரிமையாளரோட உறுதிமொழி வேணும். நான் சொல்றேன், எழுதுங்க."

மாஸ்டர் எழுதினார். மேற்படி வாகனத்தின் பின் அச்சில் செய்யப்பட்டுள்ள மாற்றமானது, என்னுடைய பூரண விருப்பத்தின் பேரில், மோட்டார் பொறியியல் வல்லுநர் திரு. ஜிதேந்திரா அவர்களால், எனக்கு மிகுந்த மனநிறைவு அளிக்கும் வகையில் செய்யப்பட்டது.

"நீங்க என்ன வாத்தியார்?"

"கணக்கு சார்."

"அப்ப 'உயர்ந்த கணிதத் துல்லியத்துடன்'னு சேத்துக்குங்க. கணக்கு வாத்தியாரே சொன்னா மேலிடத்துல கேள்வி வராது."

மாஸ்டரின் பேனா நின்றது. பதினெட்டு வருஷம், விடை சரியாக இருந்து வழி தப்பாக இருந்தால் பாதி மதிப்பெண்ணைப் பிடுங்கிக்கொண்டவர் அவர்.

"என்னங்க யோசிக்கறீங்க? நாளைக்கு விமானம்" என்றாள் ஆஷா.

"இது பொய் ஆஷா."

"கையெழுத்துதானே. யாரு படிக்கப்போறாங்க?"

போட்டார். முத்திரை விழுந்தது. மூன்று பிரதிகள்: ஒன்று அலுவலகத்துக்கு, ஒன்று மாஸ்டருக்கு, ஒன்று வல்லுநருக்கு.

வெள்ளிக்கிழமை சாதிக் பாய்தான் அவர்களை விமான நிலையத்துக்குக் கொண்டுபோனார். காரைப் பற்றி அவருக்குப் புகாரே இல்லை. சந்தைக்குப் பின்னால் அவர் சரக்கு இறக்குகிற சந்தில் வண்டி திரும்ப இடம் கிடையாது. எப்போதும் பின்னாலேயேதான் வெளியே வர வேண்டும். "எனக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு மாஸ்டர்" என்றார். கார் பின்பக்கமாகப் போனதால், மாஸ்டரும் ஆஷாவும் நடபுவாவைப் பார்த்தபடியே நடபுவாவை விட்டுப் போனார்கள். பள்ளிக்கூடத்துக் கூரை, கரும்பு வயல், ஆலைப் புகை எல்லாம் எதிரிலேயே இருந்து மெல்லச் சின்னதாயின. மற்றவர்கள் போகும்போது ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு நேராக உட்கார்ந்துகொள்ளலாம். இவர்களுக்கு அந்த வசதி இல்லை. ஆஷா புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "புழுதி" என்றாள்.

விமான நிலையத்தில் ஜிதேந்திரா மாலையோடு காத்திருந்தார். இஸ்திரி போட்ட சட்டை, பையில் இரண்டு பேனா.

"மாஸ்டர், உங்களை மறக்க மாட்டேன். நீங்க எழுதின கடிதத்தை ஹெட்மாஸ்டர்கிட்ட காமிச்சேன். திங்கட்கிழமையிலிருந்து உங்க வகுப்பு எனக்கு. இடைக்காலக் கணக்கு மாஸ்டர்."

சதேந்திரா மாஸ்டர் மாலையைக் கழுத்தில் வாங்கியபடி அப்படியே நின்றார். "யாரு... நீயா?"

"கணிதத் துல்லியம்னு நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்களே. ஹெட்மாஸ்டர் ரெண்டு தடவை படிச்சாரு. 'சதேந்திரா லேசுல யாரையும் புகழமாட்டான்'னு சொன்னாரு."

"ஷெரீனுக்கு இவருதானா?" என்று சாதிக் பாய் கேட்டார். மாஸ்டர் மாலையைச் சரிசெய்துகொண்டார்.

விமானத்துக்கு அழைப்பு வந்தது. ஜிதேந்திரா தோள்பையிலிருந்து ஏழாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை எடுத்தார். "ஒரே ஒரு சந்தேகம் மாஸ்டர். பின்னத்தைப் பின்னத்தால வகுக்கும்போது, தலைகீழாத் திருப்பிப் பெருக்கணும்னு போட்டிருக்கு. எதைத் திருப்பணும்? முதல்ல இருக்கறதையா, அடுத்து இருக்கறதையா?"

கூட்டம் மாஸ்டரைத் தள்ளிக்கொண்டு போனது. விமானத்தின் படியில் நின்று, எஞ்சின் சத்தத்துக்கு மேல் தொண்டை கிழியக் கத்தினார். "ரெண்டாவதை! ரெண்டாவதை மட்டும்!"

வழியனுப்புகிறவர்களின் மாடத்தில் நின்ற ஜிதேந்திரா முகமெல்லாம் சிரிப்பாகத் தலையாட்டி, இரண்டு விரலை உயர்த்திக் காட்டினார். "ரெண்டையும்! புரிஞ்சுது மாஸ்டர், ரெண்டையும்!"

ஆறு மாதம் கழித்து, கனடாவில் ஒரு கிடங்கில் அட்டைப்பெட்டி எண்ணிக்கொண்டிருந்த சதேந்திரா மாஸ்டருக்குச் சாதிக் பாயிடமிருந்து கடிதம் வந்தது. வகுப்பில் முப்பத்தெட்டுப் பேரும் பின்னக் கணக்கில் நூற்றுக்கு நூறு. விடைத்தாள் திருத்தியதும் ஜிதேந்திராதான். இப்படி ஒரு தேர்ச்சியை நடபுவா கண்டதில்லை என்று ஹெட்மாஸ்டர் பாராட்டுக் கூட்டம் நடத்தினார். இத்தனை மூளையுள்ள பிள்ளைகளை வைத்துக்கொண்டு இந்த ஊரில் எதற்கு இருக்க வேண்டும் என்று முப்பத்தெட்டு வீட்டிலும் பேசிக்கொள்கிறார்களாம். அடியில் சாதிக் பாய் எழுதியிருந்தார்:

"நானும் யோசித்துப் பார்த்தேன் மாஸ்டர். கனடா ஃபாரம் முப்பத்தெட்டு அனுப்பவும்."