கப்பல் அண்ணாச்சி பார்த்த மோட்டார்

இராஜபாளையத்தில் கடல் இல்லை என்பதை ஒரு பொருட்டாகவே மதிக்காத ஒரே மனிதர் கப்பல் அண்ணாச்சிதான். நூல் மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு தனிக்கட்டை. நான் அவருக்குப் பக்கத்து வீட்டில் குடியிருந்தேன். பழைய படகு மோட்டார் விலைக்கு வருகிறது என்று காதில் விழுந்தால் போதும், சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

"படகு இருக்கா அண்ணாச்சி?"

"மொதல்ல மோட்டாரு சிக்கட்டும்யா."

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகம் பகுதியில் ஒருவர் கண்மாயை மீன் குத்தகைக்கு எடுத்திருந்தார். தண்ணீர் வற்றியதும் தன் படகு மோட்டாரை விற்க நினைத்தார். அண்ணாச்சி என்னையும் இழுத்துக்கொண்டு டவுன் பஸ் ஏறினார்.

பெண் பார்க்கப் போகிறவர்கள்கூட அண்ணாச்சி அந்த மோட்டாரைப் பார்த்த மாதிரி பார்த்திருக்க மாட்டார்கள். தண்ணீரைத் தள்ளும் விசிறியின் ஓரங்களை விரலால் தடவினார். ஸ்டார்ட் செய்யும் கயிற்றை மெல்ல இழுத்துக் கண்ணை மூடிக்கொண்டார். அடித் திருகைக் கழற்றி ஆயிலைத் தொட்டார்.

"பால் காப்பி மாதிரி இருக்கே! உள்ள தண்ணி எறங்கிருக்கு. தண்ணிய அடைக்கிற ரப்பர் சீல் போயிருச்சு, மாத்தி வைங்க. அடுத்த ஞாயித்துக்கெழம வாரேன்."

குத்தகைக்காரர் புது ரப்பர் சீல் போட்டார். அடுத்த வாரம் மோட்டாரைத் தண்ணீர் டிரம்மில் இறக்கி ஓட விட்டார்கள். மோட்டாரைக் குளிர்வித்துப் பின்பக்கம் பீய்ச்சும் தண்ணீர் அண்ணாச்சிக்குப் போதவில்லை.

"இம்புட்டுத்தான் வருது, சூடேறிச் செத்துரும். பம்பைப் பாருங்க. பொறவு வாரேன்."

இப்படியே ஞாயிறுகள் போயின. குத்தகைக்காரர் வீட்டில் எங்களுக்கு டீ கிடைத்தது, பிறகு வடை சேர்ந்தது, கடைசியில் மீன் குழம்போடு பந்தியே போட்டார்கள். திரும்பும் பஸ்ஸில் அண்ணாச்சி வாய் ஓயாது. வீட்டுப் பூட்டைத் திறக்கும்போது மட்டும் பேச்சு நின்றுவிடும். மறு ஞாயிறு வரை அந்த வீட்டில் ரேடியோதான் பேசும்.

ஒரு ஞாயிறு மோட்டார் குறையே இல்லாமல் ஓடியது.

"இனி என்ன கொறை அண்ணாச்சி?" என்றார் குத்தகைக்காரர்.

அண்ணாச்சி சுற்றிச் சுற்றி வந்தார். காது வைத்துக் கேட்டார். முகம் தொங்கிப்போனது. "ஒண்ணுமில்ல" என்றார்.

குறை தீர்ந்தால் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்; வாக்கு தவறாத மனுஷர், வாங்கிவிட்டார். லோடு ஆட்டோவில் மோட்டாரை அணைத்தபடி வந்தவர், வீட்டு வாசலில் இறங்கியதும் என்னிடம் கேட்டார்: "இனி ஞாயித்துக்கெழம எங்கய்யா போவேன்?"

நான் மோட்டாரின் மறுமுனையைப் பிடித்து இறக்கினேன்.

மறு ஞாயிறு வாசலில் ஒரு அட்டை தொங்கியது: 'படகு மோட்டார் விற்பனைக்கு'. முதல் ஆளாக வந்தவர் அதே குத்தகைக்காரர்தான், மனைவியோடும் ஒரு தூக்குவாளி மீன் குழம்போடும். மோட்டாரைச் சுற்றி வந்தார், கயிற்றை இழுத்தார், உதட்டைப் பிதுக்கினார்.

"சத்தம் சரியில்லையே அண்ணாச்சி. அடுத்த வாரம் வந்து பாக்கேன்."

"நிதானமாப் பாருங்க, அவசரமில்ல" என்று டீ போட ஓடினார் அண்ணாச்சி.

நான் ஊர் மாறி மதுரைக்கு வந்துவிட்டேன். அந்த மோட்டார் இன்னும் விலை போகவில்லை. எனக்கும் படகு கிடையாது. இந்த ஞாயிறு மோட்டாரைப் பார்க்க வருகிறேன் என்று அண்ணாச்சியிடம் சொல்லியிருக்கிறேன்.