நிறுத்துகிறவர் தரவேண்டியது

செல்லக்கண்ணு பால் குடத்தில் ஒரு செம்பு தண்ணீரை ஊற்றினார். பன்னிரண்டு வருடமாகச் சிராங்கூன் சாலையில் பால் ஊற்றுகிறவர். ஒருநாளும் தண்ணீர் கலந்ததில்லை. ஆனால் இன்று நெய்னா முகம்மது பாயைக் கோபப்படுத்தியாக வேண்டும்.

தேக்காச் சந்தையில் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கும் பாயோடு அவருக்கு ஒரு வருட ஒப்பந்தம். விலை மாறாது; இடையில் நிறுத்துகிறவர் மற்றவருக்கு ஐம்பது வெள்ளி தண்டப்பணம் தரவேண்டும். வெற்றிலைபாக்கு மாற்றி, முத்திரைத்தாளில் கைநாட்டும் வைத்தாயிற்று. மூன்றாம் மாதமே தவிடும் புண்ணாக்கும் விலையேறிவிட்டன. இப்போது பாய்க்கு ஊற்றும் ஒவ்வொரு படியிலும் நஷ்டம்.

"போய், படிக்கு ரெண்டு காசு கூட்டிக் கேளுங்க. பாய் என்ன கடிச்சா தின்னுடப் போறாரு?" என்றாள் மனைவி ரத்தினம்மா.

"வெத்தலை மாத்தினப்புறம் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுக் கேக்கிறது?"

கேட்கத்தான் வெட்கம், தண்ணீர் ஊற்ற இல்லை. பாயே வெறுத்துப்போய் நிறுத்திவிட்டால் மானமும் பிழைக்கும், ஐம்பது வெள்ளியும் வரும் என்று கணக்குப் போட்டார் மனிதர்.

பாய் பாலை ஒரு வாய் குடித்துப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு" என்றார்.

மறுநாள் இரண்டு செம்பு. அதற்கும் அதே பதில். அதற்கடுத்த நாள், காலைக் கூட்டமெல்லாம் கலைந்தபிறகு, வேண்டுமென்றே தாமதமாகப் பாலோடு போய் நின்றார்.

"வெயில்ல ஏன் ஓடி வர்றீங்க? உக்காருங்க" என்று பாய் முக்காலியை இழுத்துப் போட்டார்.

பாய் பொறுத்தார், ஊர் பொறுக்கவில்லை. செல்லக்கண்ணு பாலில் தண்ணீர் கலக்கிறார் என்று கடையில் குடித்தவர்கள் வாய்வழியே செய்தி பரவ, வாடிக்கை வீடுகள் ஒவ்வொன்றாகப் பால் வேண்டாம் என்றன. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. மாதக் கடைசியில் மிஞ்சியது பாய் கடை ஒன்றுதான்.

வேறு வழியின்றிச் சிவப்பியை விற்றார். கன்றிலிருந்து வளர்த்த பசு. கயிறு கைமாறியபோது அது நகர மறுத்து அவரையே பார்த்தது. செல்லக்கண்ணு மாட்டுக்கொட்டகையில் உட்கார்ந்து அழுதார்.

மறுநாள் ஐம்பது வெள்ளியைக் கொண்டுபோய்ப் பாயின் மேசையில் வைத்தார்.

"என்னால முடியல பாய். நிறுத்திக்கிறேன். கொடுத்த வாக்கைக் காப்பாத்தல."

பாய் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பணத்தை எண்ணவும் இல்லை. "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். இத்தனை வருடப் பழக்கம் இப்படியா முடியவேண்டும் என்று நினைத்தபடி செல்லக்கண்ணு வெளியே நடந்தார்.

தேத்தண்ணி ஆற்றும் அப்துல் காதர் வாசல்வரை வந்தான்.

"ஒரு நாள் பொறுத்திருக்கலாம்ண்ணே. டின் பால் மலிவா வந்ததுலேருந்து உங்ககிட்ட எப்படி வேணாம்னு சொல்றதுன்னு முதலாளி வெக்கப்பட்டுக்கிட்டே கிடந்தாரு. இன்னைக்குக் காலையிலதான் மனசைத் தேத்திக்கிட்டு, உங்களுக்குக் கொடுக்க அம்பது வெள்ளி எடுத்து வச்சாரு."