தாம்பூலப் பையில் வந்த மாத்திரை

மைசூர்,
நவம்பர் 1997

சென்னையில் மருத்துவப் பத்திரிகை நடத்தும் ஆசிரியர் ஐயா அவர்களின் சமூகத்துக்கு, மைசூர் யாதவகிரியிலிருந்து ஓய்வு பெற்ற ரயில்வே கார்டு சேகரன் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. தாங்களும் தங்கள் அலுவலகத்தாரும் சௌக்கியம் என்று நம்புகிறேன். நாங்களும் சௌக்கியமாகத்தான் இருந்தோம், தங்கள் கடிதம் வரும்வரை.

கடிதம் என் மாப்பிள்ளை டாக்டர் செந்தில்நாதனுக்கு வந்தது. ரத்த அழுத்தத்துக்கான புது மாத்திரையைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையைத் திருப்பி அனுப்பி, ‘சாப்பிட்டவர்களிடம் விஷயத்தை விளக்கிச் சம்மதம் வாங்கினீர்களா?’ என்று கேட்டிருக்கிறீர்கள். அன்றிலிருந்து அவர் எங்கள் வீட்டில் காபிகூடத் தொடுவதில்லை. கட்டுரை அச்சானால்தான் பதவி உயர்வாம். மகள் பிரதிபா போனில் அழுகிறாள். நடந்ததை நானே எழுதிவிட்டால் தாங்கள் சமாதானமாகிவிடுவீர்கள் என்று இந்தக் கடிதம்.

சம்மதம் என்று தனியாக எதற்கு ஐயா? பேரன் கிரணின் காதுகுத்துக்கு வந்தவர்களுக்கெல்லாம் தேங்காய், வெற்றிலை பாக்கு, ரவிக்கைத் துணியோடு ஒரு மாத்திரை டப்பாவையும் தாம்பூலப் பையில் வைத்து மாப்பிள்ளையே கொடுத்தார். “தினம் ஒண்ணு போட்டுக்கோங்க, உடம்புக்கு நல்லது” என்றார். தாம்பூலத்தை யாராவது வேண்டாம் என்பார்களா? எல்லாரும் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். பாதி டப்பாக்களில் மருந்து, மீதியில் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அதே நிறத்தில் வெறும் மாவு என்பது அப்போது மாப்பிள்ளைக்கு மட்டும் தெரியும்; இப்போது பிரதிபா போனில் சொல்லித்தான் எனக்கே தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீடு வீடாகப் போய் பிரஷர் பார்த்தபோது, இப்படிப் பாசமான மாப்பிள்ளை யாருக்குக் கிடைப்பார் என்று சொந்தக்காரர்கள் மெச்சினார்கள். சிக்கல் எங்கே என்றால், எங்கள் வீட்டுப் பெண்கள் ஒரு தாம்பூலத்தில் வந்ததை அடுத்த தாம்பூலத்தில் வைத்துத் தள்ளிவிடுவார்கள். என் மச்சினியின் டப்பா கொள்ளேகாலில் பல வீடு சுற்றி, வரலக்ஷ்மி நோன்பன்று எங்கள் வீட்டுக்கே வந்தது. பக்கத்து வீட்டு பசம்மாவும், “எனக்கு இதெல்லாம் பேடா ரீ, வேணாம், நீங்களே வெச்சுக்கோங்க” என்று தன்னுடையதைத் தந்துவிட்டார். மாப்பிள்ளை கொடுத்ததை வீணாக்கலாமா என்று என் மனைவி கனகலக்ஷ்மி ஒவ்வொரு டப்பாவிலிருந்தும் ஒன்று போட்டுக்கொண்டாள். தேவராஜ மார்க்கெட்டில் பூ வாங்கும்போது மயங்கி விழுந்தாள். மாப்பிள்ளை வந்து பார்த்து, “வெயில் மாமா” என்றார். வெளியே நல்ல மழை. ஆனாலும் மாப்பிள்ளை சொன்னாரே என்று அவளுக்கு மோர் கொடுத்தேன். மாத்திரையால் யாருக்கும் எந்தத் தொந்தரவும் இல்லை என்று கட்டுரையில் எழுதியிருக்கிறாராம். படித்தவர், யோசித்துத்தான் எழுதியிருப்பார்.

ஆகவே குடும்பத் தலைவன் என்ற முறையில், அனைவர் சார்பிலும் நானே சம்மதம் தெரிவிக்கிறேன். அதைக் காதுகுத்து நாளிலிருந்து முன்தேதியிட்டு எடுத்துக்கொள்ளவும். சாமுண்டியம்மன் அருளால் தங்கள் பத்திரிகை மேன்மேலும் விற்கட்டும்.

இப்படிக்கு,
சேகரன்

பின்குறிப்பு: உறையை ஒட்டும்முன் கனகலக்ஷ்மி வாசித்துக் காட்டச் சொன்னாள். வாசித்தேன். “அப்ப நான் விழுந்தது அந்த மாத்திரையாலயா?” என்றாள். “இருக்கலாம்” என்றேன். உள்ளே போய் டப்பாக்களைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். இன்று காலைகூடப் போட்டுக்கொண்டிருக்கிறாள். “இத்தனை பேர் இருந்தும், என்னைக் கேட்டாங்களான்னு கேட்டது முகம் தெரியாத அந்த ஆசிரியர் ஒருத்தர்தாங்க. நீங்களும் கேக்கல. எனக்குச் சம்மதமில்லைன்னு எழுதுங்க” என்றாள். எழுதிவிட்டேன். மேலே நான் கொடுத்த சம்மதம் ரத்து. கட்டுரையை அச்சிட வேண்டாம். நாளை அவளை வேறு டாக்டரிடம் அழைத்துப் போகிறேன். மாப்பிள்ளை வந்து கோபப்பட்டால் பட்டுக்கொள்ளட்டும். தாங்கள் மைசூர் வந்தால் அவசியம் சாப்பிட வர வேண்டும் என்கிறாள். தாம்பூலம் உண்டு. பையைத் திறந்து பார்த்துவிட்டு, சம்மதம் இருந்தால் வாங்கிக்கொள்ளலாம்.