இடங்கிடக்கு அண்ணையும் ஆறு பேர் வள்ளமும்

அன்றைக்கு வள்ளத்தில் இருந்தவர்களை முதலில் சொல்கிறேன். வள்ளத்துக்குச் சொந்தக்காரன் யோசப்பு. உடுவில் ரீச்சர். ரீச்சரோடு ஒன்றாகப் படித்த பல்லு டொக்டர் அம்மா. கண்ணாடிக்கடை மோகன். நான். இடங்கிடக்கு அண்ணை.

இது காலை ஆறரைக்கு ஊர்காவற்றுறை இறங்குதுறையில் எடுத்த கணக்கு. பிறகு மாறிவிட்டது.

யாழ்ப்பாணத்தில் இடங்கிடக்கு அண்ணையைப் போல ஆள் ஏற்றக்கூடிய மனிதன் இன்னும் பிறக்கவில்லை. பலாலி வீதியால் ஓடிய மினிபஸ் ஒன்றுக்கு அவர் கொண்டக்டர். நான் சாரதி. பதினெட்டு வருடம் நான் ரோட்டைப் பார்த்தேன், அவர் கதைத்தார். அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியும். அதைச் சொன்னால் ஒருவருக்கும் ஆளைத் தெரியாது. ஒரு காலைப் படியில் வைத்து, மற்றக் காலைத் திருநெல்வேலிக் காற்றில் விட்டுக்கொண்டு, "பின்னுக்கு இடங்கிடக்கு, பின்னுக்கு இடங்கிடக்கு" என்பார். இருக்காது. பின்னுக்கு நிற்பவர்கள் முறை வைத்து மூச்சு விட்டுக்கொண்டிருப்பார்கள். ஆனால் அவர் சொல்லி முடிய எப்படியோ நாலு பேருக்கு இடம் வந்திருக்கும்.

பஸ்ஸில் மட்டும் என்றால் பரவாயில்லை. அவருடைய கலியாணத்தில் படம் எடுத்தபோது, மாப்பிள்ளையாக மணவறையில் இருந்துகொண்டே, கீழே நின்றவர்களை மேலே கூப்பிட்டார். இன்னும் கொஞ்சம் உள்ளுக்குத் தள்ளி நிற்கலாம் என்றார். தள்ளி நின்றார்கள். மணவறை சரிந்தது. படத்தில் பொம்பிளையின் கை மட்டும்தான் தெரியும்.

ஒருமுறை அவருக்கு வயிற்றில் ஒப்பரேசன். பார்க்கப் போனேன். பக்கத்துக் கட்டில்காரரின் சொந்தங்கள் இருக்க இடமில்லாமல் நின்றிருக்கிறார்கள். இவர் தையல் போட்ட வயிற்றோடு காலை மடக்கி, அவர்களில் மூன்று பேரைத் தன்னுடைய கட்டிலில் இருத்தி வைத்திருந்தார். தாதி மிஸ்ஸி வந்து ஏசினார். மிஸ்ஸியையும் இருக்கச் சொன்னார்.

போன வருடம் முதலாளி பஸ்ஸை விற்றுவிட்டார். வாங்கியவர் மகனைச் சாரதியாகவும் மருமகனைக் கொண்டக்டராகவும் போட்டார். எனக்கு மரக்கறி லொறி ஒன்று கிடைத்தது. லொறிக்குக் கொண்டக்டர் தேவையில்லை. அண்ணைக்கு வயது ஐம்பத்தாறு. போன இடமெல்லாம் இளம் பொடியன்களைத்தான் கேட்டார்கள். ஏழு மாதம் வீட்டில் இருந்தார். ஒருநாள் அவருடைய மனைவி எனக்குப் போன் எடுத்தார்.

"தம்பி, உவர் பின்னேரத்திலை கோழிக்கூட்டுக்கு முன்னாலை நிண்டு கோழியளை உள்ளுக்குத் தள்ளச் சொல்லிக்கொண்டு நிக்கிறார். பக்கத்து வீட்டுக் கோழியும் இப்ப எங்கடை கூட்டுக்கைதான். உவருக்கு எங்கையாவது ஒரு வேலை பாருங்கோ."

நான் யோசப்புவிடம் போனேன். யோசப்பு ஒரு காலத்தில் தீவுகளுக்கு ஆள் ஏற்றியவன். வள்ளம் பெரியது. இப்போது ஆட்களைக் கூட்டிக்கொண்டுபோய் டொல்பினும் பறவையும் காட்டுகிற தொழில் தொடங்க இருந்தான். அவனும் என்னைப் போல வாய் திறவாதவன். கதைக்க ஒரு ஆள் வேண்டும். ஆனால் எல்லாம் உடுவில் ரீச்சரின் முடிவு என்றான்.

உடுவில் ரீச்சர் பிள்ளைகளோடு வெளிநாட்டில் இருந்துவிட்டு வந்தவர். பல நாட்டுக் கடலில் இப்படிச் சுற்றிப் பார்த்தவர். அவரிடம் படித்தவர்கள் ஆவணி லீவுக்கு வெளிநாட்டிலிருந்து கூட்டங் கூட்டமாக வருவார்கள். ரீச்சர் முதலில் ஒருமுறை போய்ப் பார்ப்பார். நல்லது என்றால் அத்தனை பேரும் யோசப்புவின் வள்ளத்தில். அவர் இரண்டு சட்டம் வைத்தார். ஆறு பேருக்கு மேல் கூடாது. சத்தம் கூடாது.

யோசப்பு அதை அண்ணைக்குச் சொன்னான். "அண்ணை, ஆறு பேர். ஏழாவது தலை ஏறினால் உங்களுக்கு வேலை இல்லை."

"ஆறுதானே தம்பி. எனக்கு எண்ணத் தெரியாதோ?"

மாசி மாதம், ஒரு ஞாயிறு. எண்ணிக்கைக்காக என்னையும் மோகனையும் கூட்டிப் போனார்கள். மோகன் கண்ணாடிக்கடை வைத்திருக்கிறானே தவிர அவனுக்குக் கண் சரியில்லை. கடலில் எதைக் கண்டாலும் கடற்பசு என்றான். முதல் கடற்பசு ஒரு பனங்குற்றி. இரண்டாவது லொறி ரயர்.

முதல் அரை மணித்தியாலம் அண்ணை ஒரு சொல் கதைக்கவில்லை. அடக்கி அடக்கி முகம் வீங்கிவிட்டது. இருக்கவும் முடியவில்லை. வள்ளத்தின் விளிம்பைப் பிடித்து, ஒரு காலை வெளியே விட்டுக்கொண்டு நின்றார். அந்தக் கால் முழங்கால் வரை நனைந்தது. மாற்றி வைக்கத் தோன்றவில்லை.

பிறகு இரண்டு டொல்பின் வந்தன. வள்ளத்தை ஒட்டி நீந்தின. ரீச்சர் மெல்லப் பைனாகுலரை எடுத்தார். எடுத்துக் கண்ணில் வைக்க முதல் அண்ணை வள்ளத்தின் பக்கத்தில் இரண்டு தட்டுத் தட்டினார். பஸ்ஸில் இரண்டு தட்டென்றால் எடு என்று அர்த்தம். டொல்பின்களுக்கும் அப்படித்தான் விளங்கியது. எடுத்துவிட்டன.

"தம்பி, என்னத்துக்குத் தட்டினீர்?" என்று ரீச்சர் கேட்டார்.

"எல்லாரும் பாத்து முடிஞ்சுது எண்டு நினைச்சன் ரீச்சர்."

ரீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். அவர் கண்ணாடி துடைத்தால் கோபம் என்று டொக்டர் அம்மா எனக்குக் குசுகுசுத்தார். படிப்பித்த காலத்தில் வகுப்பு முழுக்க அந்தத் துணிக்குப் பயமாம்.

எழுவைதீவில் தேத்தண்ணீருக்கு இறங்கினோம். அண்ணையை வள்ளத்தில் காவலுக்கு விட்டோம். அது பிழை. இறங்குதுறையில் ஆட்கள் நின்றார்கள். ஆள் நிற்கிற இடத்தில் அண்ணையைத் தனியே விடக்கூடாது.

நான் கோப்பையோடு திரும்பி வரும்போது, குடை பிடித்த ஒரு பெரியவரோடு அவர் கதைத்துக்கொண்டிருந்தார்.

"ஐயா எங்கை போறியள்?"

"நான் ஒரு இடமும் போகேல்லை. சும்மா கடலைப் பாத்துக்கொண்டு நிக்கிறன்."

"அதுக்கென்ன, ஏறுங்கோ."

பெரியவர் ஏறினார். அவருக்குப் பின்னால் ஒரு அக்கா ஆட்டோடு ஏறினார். ஊர்காவற்றுறையில் தங்கச்சிக்குக் கொடுக்கவேண்டிய ஆடாம். யோசப்பு வந்து பார்த்தான்.

"அண்ணை, இது ஆறு பேர் வள்ளம்."

"பாக்க வந்தவை ஆறு பேர்தான் தம்பி. மற்றவை பிரயாணம்."

யோசப்பு மிதவை அங்கிகளை எடுத்தான். மிதவை அங்கி போடாமல் அவன் ஒருவரையும் ஏற்றுவதில்லை. ஏற்றிய எல்லோருக்கும் கொடுத்தான். ஆட்டுக்கும் ஒன்று கட்டினார்கள். ஆடு அதன் பிறகு கொஞ்சம் மரியாதையாகத் தெரிந்தது. ரீச்சர் வந்தார். குடைக்காரரைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். அங்கி போட்ட ஆட்டை அதிக நேரம் பார்த்தார். இருந்தார். கண்ணாடியைத் துடைத்தார்.

அனலைதீவில் ஏழு பொடியன்கள் கிரிக்கெட் மட்டைகளோடு நின்றார்கள். அந்த இறங்குதுறையில் எங்களுக்கு ஒரு வேலையும் இல்லை. தூரத்தால் போய்க்கொண்டிருந்தோம். அண்ணை கையைத்தான் காட்டினார். வாய் திறக்கவில்லை. வள்ளம் கரைக்குப் போனது, ஏழு பேரும் ஏறினார்கள். வாய் திறக்காததையே அவர் பிறகு ஒரு நியாயமாகச் சொன்னார்.

டொக்டர் அம்மா மட்டும் சந்தோசமாக இருந்தார். ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு இத்தனை வாய் ஒரே இடத்தில் கிடைத்ததில்லை. குடைக்காரர் சிரித்தார். அது போதும். "வடிவாத் திறவுங்கோ" என்று வெயில் பக்கம் திருப்பிவிட்டார். கரை தெரிய முதல் நாலு பேரின் பல்லைப் பார்த்து முடித்திருந்தார்.

பாரம் கூட. அலைக்குப் போகாமல் யோசப்பு கரையோரமாக வள்ளத்தை விட்டான். அங்கே ஆழம் இல்லை. ஒரு இடத்தில் அடி சேற்றில் உட்கார்ந்துவிட்டது. யோசப்பு எஞ்சினை நிற்பாட்டினான். ஒருவரும் பயப்படவில்லை. அநேகமானோர் மினிபஸ் தள்ளிப் பழகியவர்கள். பொடியன்கள் காற்சட்டையை மடிக்கத் தொடங்கினார்கள்.

அப்போது ரீச்சர் எழும்பி நின்றார்.

எங்களுக்கு முன்னால், ஒரு கல் எறிகிற தூரத்தில், தண்ணீர் முழுக்கப் பூநாரைகள். நூற்றுக்கணக்கில். ஒற்றைக் காலில் நின்றவை பாதி, தலையைக் கவிழ்த்துச் சேற்றில் மேய்ந்தவை பாதி. மோகன் கடற்பசுக் கூட்டம் என்றான்.

எல்லாரும் ஒரே நேரத்தில் கதைத்தார்கள். பொடியன்கள் போனைத் தூக்கினார்கள். ஆடு கத்தியது. முன்வரிசைப் பறவைகள் கழுத்தை நீட்டிப் பார்த்தன. பிறகு நடக்கத் தொடங்கின, எங்களைவிட்டு அந்தப் பக்கமாக. சில செட்டையை விரித்தன.

"போகப்போகுதுகள்" என்றார் ரீச்சர். சின்னக் குரல். இவ்வளவு நாட்டில் சுற்றியும் அவர் பூநாரையைத் தூரத்துப் புள்ளியாகத்தான் கண்டிருக்கிறாராம். அதை டொக்டர் அம்மா பிறகு சொன்னார்.

அண்ணை ரீச்சரின் முகத்தைப் பார்த்தார். திரும்பி, தணிந்த குரலில், ஒரே ஒருமுறை சொன்னார்.

"குனியுங்கோ. முன்னுக்குப் பொலிஸ்."

முழு வள்ளமும் குனிந்தது.

எங்கள் மினிபஸ்களில் போனவர்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். அளவுக்கு மேல் ஆள் ஏற்றிய பஸ் சந்தியில் பொலிசைக் கண்டால், நிற்பவர்கள் யன்னலுக்குக் கீழே குனிய வேண்டும். வாயை மூட வேண்டும். கொண்டக்டர் சொன்னவுடன் பள்ளிக்கூட அதிபர் குனிவார், ஐயர் குனிவார், புதுப் பொம்பிளை குனிவார். ஒருமுறை ஒரு பொலிஸ்காரர் சாதாரண உடுப்பில் எங்கள் பஸ்ஸில் வந்தார். அவரும் குனிந்தார்.

கடலுக்கு நடுவே பொலிஸ் எங்கேயிருந்து வரும் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. பொடியன்கள் மட்டைகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குனிந்தார்கள். குடைக்காரர் குடையைச் சுருக்கினார். யோசப்பு தன்னுடைய சொந்த வள்ளத்தில் எஞ்சினுக்குப் பின்னால் ஒளித்தான். ரீச்சரும் டொக்டர் அம்மாவும் மினிபஸ்ஸில் போனவர்கள் அல்ல. அவர்களும் குனிந்தார்கள். நானும்தான்.

சத்தம் நின்றது. பறவைகள் செட்டையை மடித்தன. கொஞ்ச நேரம் எங்களைப் பார்த்தன. பிறகு மேயத் தொடங்கின. மேய்ந்து மேய்ந்து வள்ளத்துப் பக்கமே வந்தன. சேற்றை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. ஒரு கலியாணவீடு முழுக்கச் சூடான தேத்தண்ணீர் குடிப்பது போல இருந்தது. ஆடு வாயைத் திறந்தது. அண்ணை அதன் வாயில் எதையோ வைத்தார். மூடிவிட்டது.

ஒரு பறவை பஸ்ஸின் முன் சீற்றுக்கும் பின் சீற்றுக்கும் உள்ள தூரத்தில் வந்து நின்று கழுத்தைச் சொறிந்தது. ரீச்சர் பைனாகுலரைக் கீழே வைத்துவிட்டார். தேவைப்படவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். இந்த முறை துடைத்தது கண்ணாடியை அல்ல.

"தம்பி, பொலிஸ் போட்டுதோ?" என்று குடைக்காரர் கீழேயிருந்து கேட்டார்.

"இல்லை ஐயா. நிக்குது."

எவ்வளவு நேரம் என்று தெரியாது. என் முழங்கால் விறைத்துவிட்டது. கடைசியில் பறவைகள் தாங்களாகவே எழும்பின. விரித்த செட்டைக்குக் கீழே செக்கச்சிவப்பு. மேலே ஒருதரம் சுற்றிப் போயின. அண்ணை இரண்டு தட்டுத் தட்டி "றைற்" என்றார். எல்லாரும் நிமிர்ந்தார்கள். பொடியன்கள் குதித்துத் தள்ளினார்கள்.

ஊர்காவற்றுறையில் இறங்கியபோது யோசப்பு ஆட்களைச் சத்தமாக எண்ணினான். பதினைந்து. ஆட்டைத் தனியே சொன்னான்.

"நான் சொன்னது ஆறு, அண்ணை."

"ஓம் தம்பி. பிழைதான்." அண்ணை அங்கியைக் கழற்றி, மடித்து, யோசப்புவின் கையில் கொடுத்தார். "நான் பஸ்ஸிலை வீட்டை போறன்."

ஏதாவது சொல்ல வேண்டும் என்று எனக்கு இருந்தது. பதினெட்டு வருடம் எனக்கும் சேர்த்து அவர்தான் கதைத்தவர்.

ரீச்சர் தலையைத் தடவினார். "என்ரை தொப்பி எங்கை?"

யாழ்ப்பாணத்தில் விலை கொடுத்து வாங்கிய பனையோலைத் தொப்பி. ஆட்டின் வாயில் விளிம்பு மட்டும் மிச்சம் இருந்தது.

"ரீச்சர், அதின்ரை வாயை மூட எனக்குக் கிட்ட வேறை ஒண்டும் இருக்கேல்லை."

ரீச்சர் ஆட்டைப் பார்த்தார். அண்ணையைப் பார்த்தார். எல்லாரும் கண்ணாடித் துணியைப் பார்த்தோம். அது வெளியே வரவில்லை. அவர் யோசப்புவின் பக்கம் திரும்பினார்.

"யோசப்பு, நான் போன வள்ளமெல்லாத்திலையும் சத்தம் போடாதேங்கோ, சத்தம் போடாதேங்கோ எண்டு ஒருத்தர் சத்தம் போட்டுக்கொண்டு நிப்பார். ஒரு சொல்லிலை இத்தினை பேரைக் குனிய வைச்ச ஆளை இப்பதான் காணுறன். உவர் நிண்டால்தான் என்னட்டைப் படிச்ச பிள்ளையள் வருவினம். ஆடு மட்டும் வேண்டாம்."

ஆட்டுக்கார அக்காவுக்கு அது பிடிக்கவில்லை. ஆட்டை இழுத்துக்கொண்டு சொல்லாமல் போய்விட்டார், அங்கியோடு. யோசப்பு அதற்குப் பின்னால் ஓடினான். எல்லாரும் போன பிறகு குடைக்காரர் மட்டும் நின்றார். எங்கே போகவேண்டும் என்று கேட்டேன். தானும் அதைத்தான் யோசிப்பதாகச் சொன்னார். அவரைத் திருப்பிக்கொண்டுபோய் எழுவைதீவில் விட்டார்கள். அண்ணையின் முதல் வேலை அதுதான்.

இப்போது அவர் அந்த வள்ளத்தில்தான் நிற்கிறார். ஒரு கால் எப்போதும் ஈரம். நான் கத்தரிக்காய் ஏற்றுகிறேன். கத்தரிக்காய் கதைக்காது. ஞாயிறு எனக்கு லீவு. பறவைகளில் எனக்குப் பெரிய விருப்பமில்லை. பூநாரைகளும் பங்குனியோடு எங்கேயோ போய்விட்டன. விடிய எழும்பி ஊர்காவற்றுறைக்குப் போய் வள்ளத்தில் ஏறுகிறேன். அவர் ஆட்களை ஆறு வரை எண்ணும்போது என்னை விட்டுவிட்டுத்தான் எண்ணுகிறார். இதுவரை பதினாறு ஞாயிறு.