முதல் கையெழுத்து யாருடையது?

அன்புள்ள மச்சானுக்கு,

உங்கள் அத்தான் எழுதுவது. உங்கள் அக்காவின் முழங்கால் நீங்கலாக இங்கே எல்லாம் நலம். அங்கே உங்கள் வீட்டில் எல்லோருடைய முழங்காலும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

ஜனங்கள் எப்படிப் போராட்டத்துக்கு வருகிறார்கள் என்று கல்லூரியில் வருடக்கணக்காக ஆராய்ச்சி செய்கிறீர்கள். இனி மெனக்கெட வேண்டாம், விடை என்னிடம் இருக்கிறது. எங்கள் குடியிருப்பில் லிப்ட் நின்று நான்கு மாதம். ஐந்தாவது மாடியில் உங்கள் அக்கா அன்றிலிருந்து வாசல்படி தாண்டவில்லை. பால்கனியில் நின்று, தெருவில் போகிறவர்களை உச்சந்தலையை வைத்தே அடையாளம் சொல்வாள். எனக்குப் பொறுக்கவில்லை. கட்டட உரிமையாளரைக் கேட்டால் உதிரி பாகம் வந்துகொண்டே இருக்கிறது என்பார். ஒரு நாள் உங்கள் அக்கா, "தட்டிக் கேக்க எல்லா வீட்டுலயும் ரெடியா இருக்காங்க, நீங்கதான் பாக்கி" என்றாள். ரோஷம் வந்துவிட்டது. முப்பது வருடம் அலுவலகத்தில் அடுத்தவர்கள் மனுவைப் பதிவு செய்தவன், அன்றைக்கே சொந்தமாக ஒன்று எழுதினேன்.

ஆனால் முதல் கையெழுத்துப் போட ஆள் இல்லை. முதல் பெயர் யாருடையதோ அவரைத்தான் உரிமையாளர் வீட்டைக் காலி பண்ணச் சொல்வார் என்று எல்லோருக்கும் பயம். யோசித்தேன். சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்து வட்டம் வரைந்து, கையெழுத்தைச் சுற்றிலும் போடச் சொன்னேன். வட்டத்தில் முதல் ஏது, கடைசி ஏது? என் மூளையை நானே மெச்சிக்கொண்டு, எப்படிப் போடுவது என்று காட்ட என் கையெழுத்தைப் போட்டு அனுப்பினேன். மூன்று நாள் எல்லா வீடும் சுற்றிவிட்டுத் திரும்பி வந்தது. வட்டத்தில் நான் ஒருத்தன் மட்டும் நின்றுகொண்டிருந்தேன்.

விடுவேனா? கீழே தபால் பெட்டிகளுக்குப் பக்கத்தில் நின்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் நியாயம் பேசினேன். சிலர் தலையாட்டினார்கள், சிலருக்கு அப்போது பார்த்து அவசர வேலை வந்தது. ஆனால் பாருங்கள், ஞாயிற்றுக்கிழமை காலை மீதிப் பதினொரு வீடும் திமுதிமுவென்று வந்து மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டது. உரிமையாளர் ஓடி வந்தார். இரண்டாம் மாடித் தையல்காரம்மா சத்தமே போடாமல், "மேல வரைக்கும் ஒரு தடவை ஏறிட்டு வாங்க சார், அப்புறம் பேசலாம்" என்றார். எல்லோரும் ஒதுங்கி வழிவிட்டோம். நாலாவது மாடியில் மனுஷன் உட்கார்ந்துவிட்டார். புதன்கிழமை லிப்ட் ஓடியது. ஆகவே மச்சான், எழுதிக்கொள்ளுங்கள்: நியாயத்தை ஒருவன் எடுத்துச் சொன்னால் ஜனங்கள் வருவார்கள். அந்த ஒருவன் பெயரைப் புத்தகத்தில் போடுவதும் போடாததும் உங்கள் இஷ்டம்.

பெரியவர்களுக்கு வணக்கம், சிறியவர்களுக்கு ஆசி, உங்களுக்கு இரண்டும்.

இப்படிக்கு,
அத்தான்

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன் உங்கள் அக்கா வாங்கிப் படித்துவிட்டுச் சிரித்தாள். சனிக்கிழமை ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டு, "எல்லாரும் வர்றாங்க, உங்க வீடு மட்டும்தான் பாக்கி" என்றாளாம். பதினொரு வீட்டுக்கும் இதே வாக்கியம். பொய் சொல்லலாமா என்று கேட்டேன். "சொல்றப்பதான் பொய். ஞாயித்துக்கிழமை உண்மையாயிடுச்சே" என்றாள். செருப்பைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு லிப்டில் இறங்கிவிட்டாள். அந்த வாக்கியத்தை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதே என்று மேலே எழுதியதைத் திரும்பப் படித்தேன். அவள் கூப்பிட்ட முதல் வீடு எங்கள் வீடுதான் மச்சான். புத்தகத்தில் அக்கா பெயரையே போட்டுவிடுங்கள். பால்கனியிலிருந்து பார்க்கிறேன், தெருவில் அவளுடைய உச்சந்தலை தெரிகிறது. மனசு நிறைந்துவிட்டது. எதிர்க் கட்டடத்து அம்மாவிடம் நின்று பேசுகிறாள், அவர்கள் கட்டடத்தில் ஒரு வாரமாகத் தண்ணீர் வரவில்லை என்று நேற்றே கேள்விப்பட்டேன். என்ன சொல்கிறாள் என்று இங்கே கேட்கவில்லை, ஆனால் எனக்குத் தெரியும்.