வெள்ளைப் புள்ளி வைத்த நத்தைகள்

இந்தக் காலத்தில் கண்ணால் பார்த்ததைச் சொன்னால் ஒருவனும் நம்புவதில்லை. காகிதத்தில் எழுதிக் கொடுத்தால், நத்தைக்கு எட்டுக் கால் என்றாலும் தலையாட்டுகிறான்.

“நத்தை இல்லீங்க சார். எப்பவாச்சும் ஒண்ணு ரெண்டு கண்ணுல படும். அவ்வளவுதான்” என்று நர்சரித் தோட்டக்காரர் சொல்லிப் பார்த்தார். முப்பது வருஷமாக அங்கே தண்ணீர் விடுகிறவர்.

நத்தை ஒழிப்பு அதிகாரி நோட்டைத் திறந்தார். “அதை நீங்க சொல்லக் கூடாது பெரியவரே. நாங்க குடுத்த மருந்து வேலை செஞ்சுதான்னு கணக்கு போட்டாத்தான் தெரியும். ஆப்பிரிக்க நத்தை நிறைய இருந்தா நர்சரிக்கு சீல்.”

முதலாளியம்மா தோட்டக்காரரைத் தனியாகக் கூப்பிட்டாள். “சீல் வெச்சா ஒரு செடி வெளியே போகாது. அப்புறம் உங்களை எப்படி நான் வேலையில வெச்சுக்கிறது?”

நத்தை விடியற்காலையில்தான் வெளியே வருமாம். அதனால் அதிகாரியின் ஜீப் டிரைவர் முன்னாடியே வந்து பிடித்துவிட்டாராம். ஜீப்பிலிருந்து வாளியை இறக்கினார். உள்ளே நாற்பது நத்தை, ஒவ்வொன்றும் கைமுட்டி அளவு.

“இதெல்லாம் இங்கேயா இருந்துது?” தோட்டக்காரருக்கு வாய் மூடவில்லை.

அதிகாரி நாற்பதின் முதுகிலும் வெள்ளைப் பெயிண்டால் புள்ளி வைத்தார். பெயிண்ட் டப்பாவைக் கொட்டகையில் வைத்துவிட்டு, நத்தைகளைச் செடிகளுக்குள் விட்டார்.

பிடித்ததை எவனாவது திரும்ப விடுவானா? தோட்டக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. ஒருவேளை கொல்ல வேண்டியதற்கு அடையாளமாக இருக்கும் என்று நினைத்து, ஒரு வாரம் குனிந்து தேடி, நாற்பதையும் உப்புத் தண்ணீரில் போட்டார்.

அடுத்த வாரம் டிரைவர் மறுபடி ஒரு வாளி இறக்கினார். அதில் நாற்பது. ஒன்றிலும் புள்ளி இல்லை.

“போச்சு! ஆயிரக்கணக்குல இருக்கு!” என்றார் அதிகாரி.

“சார், நாற்பதை நானே கொன்னேனே!”

“அய்யோ, கெடுத்தீங்களே! திரும்பப் பிடிக்கிறப்போ புள்ளி வெச்சது நிறைய வந்தா, மொத்த நத்தை கம்மி. புள்ளியே வரலைன்னா எக்கச்சக்கம். இதுதான் கணக்கு. இனிமே புள்ளி வெச்சதைத் தொடாதீங்க!”

இந்த நாற்பதுக்கும் அதிகாரி புள்ளி வைத்துச் செடிகளுக்குள் விட்டார். தோட்டக்காரர் அவற்றை மாப்பிள்ளை மாதிரி கவனித்தார். வேளைக்கு வேளை முட்டைக்கோஸ் இலை போட்டார். அவை அதையும் தின்று, ரோஜாக் கன்றுகளையும் மொட்டையடித்தன.

மூன்றாம் வாரமும் வாளியில் நாற்பது. புள்ளி மட்டும் இல்லை.

“அதுங்க அங்கே கொழுத்துப் போய்க் கிடக்குதே சார்! வந்து பாருங்க!”

“கண்ணால பாக்கிறதெல்லாம் கணக்குல சேராது பெரியவரே. அடுத்த வாரம் கடைசி. அப்பவும் இப்படின்னா சீல்தான்.”

அந்த ராத்திரி தோட்டக்காரருக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. கொன்றாலும் கூடுகிறது, தீனி போட்டாலும் கூடுகிறது. புள்ளிதானே வேண்டும் இவனுக்கு?

கடைசி வாரம், அதிகாரி முதலாளியம்மாவோடு பேசப் போன நேரம் பார்த்து, கொட்டகையிலிருந்த டப்பாவைத் திறந்து, டிரைவர் இறக்கி வைத்த வாளியில் இருந்த அத்தனைக்கும் புள்ளி வைத்தார். காயட்டும் என்று வாயால் ஊதினார்.

அதிகாரி எண்ணிப் பார்த்துத் துள்ளினார். “நாற்பதுக்கு நாற்பது! அப்போ தோட்டத்துல மொத்தமே அவ்வளவுதான். மருந்து பிரமாதமா வேலை செஞ்சிருக்கு! சீல் கிடையாது.”

அவர் கையெழுத்துப் போட உள்ளே போனதும் டிரைவர் மெதுவாகப் பக்கத்தில் வந்தார்.

“பெயிண்ட் அடிச்சதைப் பார்த்தேன் பெரியவரே. நான் சொல்ல மாட்டேன். நீங்களும் ஒரு விஷயத்தை வெளியே சொல்லிடாதீங்க. முதல் நாள் இங்கே டார்ச் அடிச்சுத் தேடியும் ஒரு நத்தை கிடைக்கல. வெறும் வாளியோட நின்னா சார் கத்துவாரு. அதான் வாராவாரம் எங்க நத்தை ஒழிப்பு ஆபீஸ் பின்புறத்துல இருந்து அள்ளிட்டு வந்தேன்.”

தோட்டக்காரர் மொட்டை ரோஜாக்களைப் பார்த்தார். டிரைவரைப் பார்த்தார்.

“இங்கே நத்தையே இல்லையாம்ல! போப்பா, நீயும் உன் சார் கணக்கும்” என்று பூவாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.