கோழி பிடிக்க வைத்த வேர்ப் மிஸ்

யாழ் குடாநாட்டிலிருந்து விசா எடுத்து லண்டன் போன கணவன் மனைவிமாரில் பாதிப்பேரைச் சேர்த்துவைத்தது கல்யாணத் தரகர்மார் அல்ல, உரும்பிராயில் ஆங்கிலம் படிப்பிக்கும் வேர்ப் மிஸ்தான். அவருடைய சொந்தப் பெயர் தபால்காரருக்காவது தெரியுமோ என்பது சந்தேகம்.

நான் அவரிடம் போனபோது ஏற்கெனவே ஒருமுறை விசாவுக்கான ஆங்கிலப் பரீட்சையில் கோட்டை விட்டிருந்தேன். மனைவி லண்டனில். பிறந்த மகளைப் போனில்தான் பார்த்திருந்தேன். இந்த முறையும் தவறினால், பிள்ளை என்னைப் போனுக்குள் குடியிருக்கும் யாரோ ஒரு மாமா என்றுதான் நினைக்கும்.

மிஸ் புத்தகத்தைத் திறப்பதில்லை.

"வேர்ப் எண்டா வினைச்சொல், செய்யிற சொல். செய்யாமல் எப்பிடி விளங்கும்?" என்பார்.

சீ (see), வோட்ச் (watch) இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டேன். முற்றத்துப் பாயில் காய்ந்த பனங்கிழங்கு ஒடியலுக்கு என்னைக் காவல் வைத்துவிட்டார். கால்வாசியை ஆடு தின்றுவிட்டது.

"ஆடு வந்ததைக் கண்டனான், மிஸ்."

"கண்டது சீ. கண்ணெடுக்காமல் பாத்துக்கொண்டிருந்தா வோட்ச். அதை உம்மை விட ஆடு வடிவாச் செய்திருக்கு."

அடுத்தது கட்ச் (catch), ஹோல்ட் (hold). தமிழில் இரண்டும் பிடிப்பதுதானே என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். மிஸ் கூட்டைத் திறந்து ஒரு கோழியை விட்டார். அதன் பின்னால் ஓடி வாழைத்தோட்டம் முழுக்கக் கலைத்து, காற்சட்டை முழங்காலில் கிழிய, ஒருவழியாக அமுக்கினேன்.

"அது கட்ச். இனி நெஞ்சோடை அணைச்சு வைச்சிரும். நசிக்கக் கூடாது, விடவும் கூடாது. இதுதான் ஹோல்ட்."

வகுப்பு முடியும்வரை கோழியும் கையுமாக நின்றேன். கூடப் படித்த பெண்கள் படமெடுத்துத் தங்கள் புருஷன்மாருக்கு அனுப்பினார்கள்.

கொழும்பில் பரீட்சை. எதிரே இருந்த அம்மணி, லண்டனில் இறங்கியதும் முதலில் என்ன செய்வீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். படித்ததெல்லாம் பறந்துவிட்டது. ஆனால் கைகள் இரண்டும் தாமாகவே நெஞ்சுக்கு முன்னால் மடிந்தன.

"ஐ வில் ஹோல்ட் மை பேபி" என்றது வாய். அதன்பிறகு அவர் மணிக்கூட்டைப் பார்க்கும்வரை நான் கதையை நிறுத்தவில்லை.

பாஸ். அப்பாடா என்று நான் விட்ட மூச்சு சாவகச்சேரி வரை கேட்டிருக்கும்.

லண்டனில் மகள் முதன்முதல் என் கையில் நித்திரையானபோது மிஸ்ஸுக்கு வீடியோவில் காட்டினேன். வாய் ஓயாத மனுசி மூக்கை உறிஞ்சினார்.

பிறகு, "குளிருக்கை பிள்ளையை வெளியிலை கொண்டு திரியாதை, தம்பி" என்றார்.

எனக்குக் கூடப்பிறந்த அக்கா இல்லை என்று இப்போது நான் யாரிடமும் சொல்வதில்லை.